நேராக நிற்காத ஆலா

நவம்பர் 9, ஞாயிறு

ஆலா இன்று பறந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. அதனால் இன்னொரு முறை எழுதிக்கொள்கிறேன். ஆலா இன்று பறந்தது.

பட்டம் என்றால் ஒற்றை நூலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் சமாச்சாரம் என்று நினைக்கிற ஊர் இது. ஆலா நான்கு நூல் பட்டம். இரண்டு கைக்கும் ஒவ்வொரு கைப்பிடி. ஒவ்வொரு கைப்பிடிக்கும் மேல்முனையில் ஒரு நூல், கீழ்முனையில் ஒரு நூல். மேல்நூலை இழுத்தால் அந்தப் பக்கத்துச் சிறகு முன்னே ஓடும். கீழ்நூலை இழுத்தால் பிரேக் போட்ட மாதிரி பின்வாங்கும். கை சொன்னபடி கேட்டால் நடுவானத்தில் அப்படியே நிறுத்தலாம், தலைகீழாக நிறுத்தலாம், வந்த வழியே பின்னோக்கி ஓட்டலாம். கடல் மேல் ஆலாப் பறவை நிற்குமே, அதுபோல. அதனால்தான் அந்தப் பெயர்.

வெளிநாட்டில் செய்து விற்கிறார்கள். நான் தார்ப்பாய் தைக்கிறவன். உப்பளத்து லாரிகளுக்குத் தைக்கிற கைக்கு ஒரு பட்டம் தைக்க வராதா என்று ரோஷத்தில் ஆரம்பித்தது. முன்னால் செய்த ஐந்தும் மண்ணைக் கவ்வின. இந்த முறை ஒரே அச்சில் இரண்டு தைத்தேன். சிவப்பு எனக்கு, நீலம் லிகோரிக்கு. லிகோரி என் மனைவி ஜெசிந்தாவின் தம்பி. தை மாதம் மணப்பாட்டில் நடக்கும் பட்டத் திருவிழாவில் நாங்கள் இருவரும் ஜோடியாகப் பறக்கவிட விழாக்காரர்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஜனவரி 17.

ஒரே ஒரு குறை. என் ஆலா நிற்கும்போது இடப்பக்கம் சாய்கிறது. லேசாகத்தான். பட்டத்தையும் நூலையும் இணைக்கிற சூத்திரக் கயிற்றில் எங்கோ ஏற்ற இறக்கம் இருக்கும்.

நவம்பர் 12, புதன்

சூத்திரத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். சிறகுகளைத் தனித்தனியாகக் கழற்றி எதிர் மருந்துக்கடைத் தராசில் நிறுத்தேன். சம எடை. கார்பன் குச்சிகளைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன். வளைவு இல்லை. இருந்தும் சாய்கிறது.

பைக்கில் கிளட்ச் வயர் இறுகிவிட்டது. பிடித்தால் கல்லைப் பிடித்த மாதிரி இருக்கிறது. மெக்கானிக் புது வயர் போட்டுக்கொடுத்து, வெண்ணெய் மாதிரி ஓடும் அண்ணாச்சி என்றான். வெண்ணெயும் இல்லை, ஒன்றும் இல்லை. இவன்கள் எல்லாம் எங்கே தொழில் படித்தான்களோ.

நவம்பர் 16, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்!

கைப்பிடியிலிருந்து ஒரு சாண் கயிறு தொங்கும். அதில் வரிசையாக முடிச்சுகள். நூலை எந்த முடிச்சில் மாட்டுகிறோமோ அதற்கேற்ப நீளம் கூடும், குறையும். நான்கு நூலும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் முதல் கட்டளை. அந்தக் கட்டளையை இன்று மீறினேன். இடது மேல்நூலை ஒரு முடிச்சு உள்ளே தள்ளிக் குட்டையாக்கினேன். அவ்வளவுதான், ஆலா நிமிர்ந்து நின்றது. கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லிகோரியின் நீலமும் பக்கத்தில் வந்து நிற்க, இரண்டும் தோளோடு தோள் சேர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, விடுங்க என்றாள். வைத்திருந்தது சீலா மீன் குழம்பு. இரண்டு தடவை சோறு வாங்கினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மறுபடி சாய்கிறது. நூல்தான் காரணம். புது நூல் பாரம் ஏற ஏற நீளும். ஒன்று அதிகம் நீளும், ஒன்று குறைவாக நீளும். அதனால் நான்கையும் மணலில் அடித்த ஒரே முளையில் கட்டி, மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்துச் சமன் செய்ய வேண்டும். செய்தோம். என் கையில் மணல் ஒட்டியிருந்ததால் இடது பக்கம் நழுவிவிட்டது. லிகோரியை இழுக்கச் சொன்னேன்.

சமன் செய்த பிறகும் சாய்ந்தது. இன்னொரு முடிச்சு உள்ளே தள்ளினேன். நிமிர்ந்தது.

தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் பொத்தான் ஓட்டைகள் எல்லாம் சின்னது. கடைத் தையல். எட்டு வயதில் ஊசி பிடித்தவன் நான், எனக்கே இப்படி ஒரு சட்டை. கோயிலுக்கு நேரமாகிவிட்டதே என்று மேல் பொத்தானைப் போடாமலே போனேன்.

நவம்பர் 29, சனி

அண்ணன் சல்வதோருக்கு நினைவுப் பூசை. போய் ஆறு வருடம்.

எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். அண்ணனுக்கு வலது கையில் ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளர் கையை விட்டு விழுந்தது. வீட்டில் சிரித்தோம். பிறகு பேனா. பிறகு கால். நரம்பு செத்துக்கொண்டே வருகிறது, மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்ன அன்று அண்ணன் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். கடைசியில் அந்தப் பேச்சும் போயிற்று. ஜெசிந்தாதான் ஊட்டிவிட்டாள். கண்ணை மட்டும் உருட்டி, போதும் என்று சொல்வான்.

அவனுக்கு வலது கை. இதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பூசையில் மெழுகுதிரி கொடுத்தார்கள். இடது கையில் வாங்கியதை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். மெழுகு சுட்டது. நிமிர்ந்தால் ஜெசிந்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசை நேரத்தில் பீடத்தைப் பார்க்க வேண்டியதுதானே.

டிசம்பர் 3, புதன்

மழை. பறக்கவிட முடியவில்லை. ஜெசிந்தா எனக்கு மூன்று டி-ஷர்ட் வாங்கி வந்திருக்கிறாள். நான் எந்தக் காலத்தில் டி-ஷர்ட் போட்டேன்? கடைக்குச் சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். போட்டு முடிக்க நேரமாயிற்று.

டிசம்பர் 7, ஞாயிறு

சிவப்பு ஆலாவின் குச்சி முறிந்தது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் லிகோரி அதை எடுத்துப் பறக்கவிட்டிருக்கிறான். தூக்கியதும் வலப்பக்கம் திரும்பிப் பாய்ந்து, மணலில் குத்தி, நடுக்குச்சி போயிற்று. டீ கிளாஸும் கையுமாக ஓடினேன்.

எல்லார் முன்னாலும் அவனைத் திட்டிவிட்டேன். பட்டம் வலது பக்கம் இழுக்குது அத்தான் என்று அவன் சொன்னதுதான் என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது. இடது பக்கம் இழுக்கிற பட்டத்தைப் போராடி நான் நேராக்கி வைத்தால், இவன் கையில் அது வலது பக்கம் இழுக்கிறதாம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

லிகோரி குனிந்தான். கீழே கிடந்த கைப்பிடிகளை எடுத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். வலது கைப்பிடியில் மேல்நூல் முதல் முடிச்சில் இருந்தது. இடதில் நான் தள்ளித் தள்ளிக் கடைசி முடிச்சுக்கு வந்திருந்தேன். அதற்கும் உள்ளே புதிதாக ஒரு முடிச்சு வேறு போட்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

டிசம்பர் 10, புதன்

கடையில் ஒரு தார்ப்பாயின் ஓரத் தையல் கோணிக்கொண்டு போய்விட்டது. முழுக்கப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். மிஷினில் துணியை நகர்த்துகிற பல் தேய்ந்திருக்கிறது. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஆலாவுக்குப் புதுக் குச்சி போட்டாயிற்று.

டிசம்பர் 14, ஞாயிறு

லிகோரி ஒரு வாரமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. இன்று வந்தான். தன் நீல ஆலாவை எடுத்துக்கொண்டு, கரைக்கு வாங்க அத்தான் என்று கூப்பிட்டான். சமாதானத்துக்கு வந்திருக்கிறான் என்று நினைத்துப் போனேன்.

நான்கு நூலையும் என் கண் முன்னாலேயே சமன் செய்தான். முதலில் அவன் தூக்கினான். நீலம் நேராக ஏறி, நேராக நின்றது. நிற்கிற பட்டத்தையே கைப்பிடியோடு என் கையில் மாற்றிக் கொடுத்தான்.

இடது பக்கம் சாய்ந்தது. நான் இடது கையை இறுக்கினேன். இன்னும் சாய்ந்தது. கைப்பிடியின் மேல்முனையைக் காற்று முன்னால் இழுத்துக்கொண்டே போனது. மேல்முனை முன்னால் போனால் கீழ்முனை தானாகப் பின்னால் வரும், இடது சிறகுக்குப் பிரேக் விழும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நான் வரைந்த பட்டம். மணிக்கட்டை நிமிர்த்த வேண்டும், அவ்வளவுதான். நிமிர்த்தினேன். நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தேன். நீலம் வட்டமடித்து மணலில் விழுந்தது.

உன் பட்டமும் சரியில்லை என்றேன்.

"ரெண்டு பட்டத்துக்கும் ஒரே நோவு வருமா அத்தான்?"

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னான், அழுதுவிடுவான் போல இருந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மணப்பாட்டில் நான் மட்டும் தனியாகப் பறக்கவிடப் போகிறேன், ஜோடி கீடி ஒன்றும் வேண்டாம் என்றேன். நடந்தே வீடு வந்தேன். பைக் கரையிலேயே கிடந்தது. சாயங்காலம் அவன்தான் கொண்டுவந்து விட்டுப் போனான்.

டிசம்பர் 16, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

கடையில் தார்ப்பாய் கட்டுகிற பட்டை நாடா கிடக்கிறது. அதில் ஒரு துண்டு வெட்டி, இடது கைப்பிடியை மணிக்கட்டோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். பல்லால்தான் முடிச்சை இறுக்கினேன். ஆள் இல்லாத தெற்குக் கரைக்குப் போனேன். யாரும் வேண்டாம் எனக்கு.

கொஞ்ச நேரம் அருமையாக நின்றது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பார்த்தாயா, பார்த்தாயா என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது காற்று கூடியது. மாதாவே, அப்படி ஓர் இழுப்பு. வலது கைப்பிடியை விட்டுவிட்டேன். இடதை விட முடியவில்லை, கட்டியிருக்கிறேனே. கையோடு சேர்த்து என்னை மணலில் இழுத்துக்கொண்டு போனது. தண்ணீர் ஓரம் வரை போனேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து நூலைப் பிடித்து, கத்தியால் நாடாவை அறுத்துவிட்டார். பட்டத்தைக் கையில் கட்டிக்கொண்டு சாகவா வந்தீர் என்று கேட்டார். நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

முழங்கால் உரிந்துவிட்டது. நண்டு வளையில் கால் இடறியது என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். மருந்து போட்டாள். மணிக்கட்டில் நாடா பதிந்த தடத்துக்கும் மருந்து போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்து பிறப்பு. லிகோரியும் வந்திருந்தான், அக்கா கூப்பிட்டால் வராமல் இருப்பானா. பேச்சு வார்த்தை உண்டு, பட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை. கேக் தட்டை நான் தூக்கிக் கொடுக்கும்போது கை தவறி விழுந்து உடைந்தது. வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கை எப்பவும் பட்டம் விட்டுக்கிட்டே இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன். லிகோரி குனிந்து சில்லுகளைப் பொறுக்கினான்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஜனவரி 1, வியாழன்

புது வருடத்துக்கு எல்லாரும் எதையெதையோ கேட்பார்கள். நான் மாதாவிடம் ஒன்றுதான் கேட்டேன். ஆலா நேராக நிற்க வேண்டும். முடிச்சுத் தள்ளாமல், நாடா கட்டாமல், நான்கு நூலும் சமமாக இருக்கும்போது நேராக நிற்க வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். மண்டியிட்டுக் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

இன்று ஜெசிந்தா வாயைத் திறந்தாள்.

திருநெல்வேலியில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் 12ஆம் தேதிக்குப் பெயர் பதிந்திருக்கிறாளாம். திருவிழா முடியட்டும் என்றேன். முடியாது என்றாள். கோளாறு பட்டத்தில்தான், கையில் இல்லை என்று சத்தம் போட்டேன். அவள் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைத் தடவினாள். முன்பு அங்கே சதை இருந்தது.

"நான் ஒங்க அண்ணனுக்கு ஊட்டுனவ. எனக்குத் தெரியாதா? அவுக கையிலயும் இந்த எடத்துலதான் மொதல்ல குழி விழுந்துச்சி."

கையை இழுத்துக்கொண்டேன். லிகோரி தூக்கினால் வலப்பக்கம் இழுக்கிறதே, அது பட்டத்தின் கோளாறு இல்லையா என்று கேட்டேன். ஒங்க முடிச்சாலதான் இழுக்கிதுன்னு தம்பி சொல்லுதான் என்றாள். முடிச்சை எடுத்துவிட்டு அவன் பறக்கவிட்டு நேராக நின்றால் அதையும் நம்பமாட்டேன், அவன் கை வித்தைக்காரக் கை, கோணல் பட்டத்தையும் நேராக நிறுத்துவான் என்றேன். சின்னப் பிள்ளை மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அவள் திரும்பி, மூலையில் சாய்த்து வைத்திருந்த ஆலாவைப் பார்த்தாள்.

"அப்ப நான் பிடிக்கேன். எனக்கு வித்தை தெரியாதுல்லா. வலது கையி நீங்க பிடிங்க, இடது கையி நான் பிடிக்கேன். அதுலயும் இடது பக்கமே சாஞ்சா நான் டாக்டர் பேச்சையே எடுக்கமாட்டேன்."

கல்யாணமாகி இருபது வருடத்தில் ஒரு பட்டத்தை அவள் தொட்டது கிடையாது. சரி என்றேன். சாயும் என்று நிச்சயமாக நம்பினேன். சாய வேண்டும் என்றும் நினைத்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

காலையிலேயே மூவரும் போனோம். கிழக்கிலிருந்து ஒரே சீரான காற்று. சாக்குச் சொல்ல இடமே தராத காற்று.

இடது கைப்பிடியில் நூல் கடைசி முடிச்சில் உப்பேறி இறுகியிருந்தது. என் விரலுக்கு அசையவில்லை. லிகோரி பல்லால் கடித்து நெகிழ்த்தி, முதல் முடிச்சுக்குக் கொண்டுவந்தான். நான்கு நூலையும் முளையில் கட்டி இழுத்தான். நானே கிட்டப் போய் முனைகளைச் சேர்த்துப் பார்த்தேன். நான்கும் சமம்.

முதலில் நான் தனியாகத் தூக்கினேன். ஓர் ஆள் உயரம் ஏறுவதற்குள் இடது பக்கம் திரும்பி விழுந்தது. லிகோரி ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தான்.

பிறகு ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டு என் இடப்பக்கம் வந்து நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். கைப்பிடியை எப்படிப் பிடிக்க வேண்டும், கட்டைவிரல் எங்கே வர வேண்டும் என்று சொன்னேன். ஒன்றும் செய்யாதே, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் அடி வைக்கும்போது நீயும் வை என்றேன். கல்யாணத்தன்று பீடத்திலிருந்து இறங்கும்போது அவள் என் காலைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். இன்றும் அப்படித்தான் என் காலையே பார்த்தாள்.

பின்னால் அடி வைத்தோம். ஆலா எழுந்தது.

நேராக ஏறியது. தென்னை உயரம் போனதும், அதுவாகவே நின்றது. சிவப்புச் சிறகு இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. கோடு போட்ட மாதிரி நின்றது. காற்று இழுக்கிறது, நூல் பாடுகிறது, ஆலா அசையவில்லை. மூன்று வருடமாக நான் வரைந்து, வெட்டி, தைத்து, கனவு கண்டது இப்படித்தான் நின்றது. என் பட்டத்தில் ஒரு குறையும் இல்லை. மாதாவிடம் நான் கேட்டதை மாதா அப்படியே கொடுத்துவிட்டாள்.

மேடை கோணல் இல்லை. கத்தி அழ வேண்டும் போல இருந்தது, அழுதேன். ஐம்பதை நெருங்குகிற ஆண்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில், பட்டத்தைப் பார்த்து அழுதேன். யார் பார்த்தால் என்ன. லிகோரி முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான்.

ஜெசிந்தா ஒரு தடவைகூடப் பட்டத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. சும்மா தொங்கிக்கொண்டிருந்த என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோளால் என் தோளை முட்டினாள்.

"இத எப்படிங்க எறக்க?"

இப்போது வேண்டாம் என்றேன். இறக்கினால் அடுத்து திருநெல்வேலிதான். கொஞ்ச நேரம் இப்படியே பிடி என்றேன். பிடித்தாள். கை வலித்திருக்கும், சொல்லவில்லை. காற்று இறங்கும் வரை அங்கேயே நின்றோம்.

மணப்பாட்டுக்குச் சிவப்பையும் நீலத்தையும் லிகோரியிடமே கொடுத்துவிட்டேன். ஜோடிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள் என்றேன். அவன் நீலத்தை எடுத்துக்கொண்டான். சிவப்பை மட்டும் எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான்.

ஜனவரி 12, திங்கள்

ஏழு மணிக்கு பஸ். வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு ஜெசிந்தா முன்னால் போய் நின்றேன். கீழிருந்து மேல் வரை எல்லாப் பொத்தானையும் அவள் போட்டுவிட்டாள். ஓட்டைகள் எல்லாம் சரியான அளவுதான்.